அயர்லாந்துத் தொன்மத்தை அடித்தளமாக வைத்து மிகுபுனைவு நாவல்: எதை எடுப்பது, எதை விடுவது?

பெரம்பூர்_வாசகன்

எல்லாருக்கும் வணக்கம். மூன்று பாகமாக ஒரு மிகுபுனைவு நாவலுக்குத் திட்டம் போடுகிறேன். நாடு, வரைபடம், அரச குலங்கள் எல்லாம் கற்பனை. அடித்தளம் மட்டும் அயர்லாந்தின் பழைய கதைகள்: மேவ் அரசியின் மாட்டுப் படையெடுப்பு, தெய்வ வீரன் லூவும் எதிரித் தலைவன் பாலோரும் மோதுகிற மாய்தூரா போர், அல்ஸ்டர் வீரன் கூகுலினின் சாவு. இப்போதைக்குச் சுருக்கங்கள் மட்டுமே படித்திருக்கிறேன். தெரிந்தவர்கள் மூன்று விஷயங்களுக்கு வழி சொல்லுங்கள்.

ஒன்று, மூலத்தில் எங்கிருந்து தொடங்குவது? இணையத்தில் ‘கெல்டிக்’ என்ற முத்திரையோடு கொட்டிக் கிடப்பதில் எது பழையது, எது நேற்று முளைத்தது என்று பிரிப்பது எப்படி?

இரண்டு, கெஷ். வீரனுக்கும் அரசனுக்கும் பிறப்பிலோ பட்டத்திலோ ஒட்டிக்கொள்ளும் தடை. கதையை அதன் மேல் ஓட்ட நினைக்கிறேன். ‘ஆசிரியர் தன் வசதிக்குப் போட்ட விதி’ என்று வாசகருக்குத் தோன்றிவிடக் கூடாது.

மூன்று, கடைசிப் பாகம் முழுக்கப் போர். வாள்வீச்சை மட்டும் வைத்து நானூறு பக்கம் தாங்காது. வேறு என்ன இருக்கிறது அந்தக் கதைகளில்?

சென்னையிலேயே நூலகத்தில் கிடைப்பதாகவோ இணையத்தில் இலவசமாகவோ இருந்தால் நல்லது.

ஏட்டுச்சுவடி

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். மற்றதற்கு இங்கே ஆள் இருக்கிறார்கள்.

கிறித்தவத்துக்கு முந்தைய அயர்லாந்துக்காரர் தங்கள் தெய்வங்களைப் பற்றி எழுதிவைத்த ஏடு ஒன்றுகூடக் கிடையாது. கையில் இருப்பதெல்லாம் மடத்துத் துறவிகள் எழுதியது. ஐரிஷ் மொழி இலக்கியம் உள்ள கையெழுத்துப்படிகளில் மிகப் பழையது ‘பழுப்புப் பசுவின் நூல்’, கி.பி. 1100 வாக்கில் எழுதியது. எழுதியவர்களில் ஒருவரான மைல் முரே 1106-ல் குளோன்மக்னாய்ஸ் மடத்தில் கொள்ளையரால் கொல்லப்பட்டார். அடுத்தது 12-ம் நூற்றாண்டு ‘லைன்ஸ்டர் நூல்’. இதில் மாட்டுப் படையெடுப்புக் காவியமான ‘டாய்ன்’ முடிகிற இடத்தில் இரண்டு குறிப்புகள் இருக்கின்றன. இதை மாற்றாமல் மனப்பாடம் செய்பவருக்கு ஆசி உண்டு என்று ஐரிஷில் ஒன்று. இது வரலாறா கட்டுக்கதையா, எனக்கு நம்பிக்கை இல்லை, பாதி பேய்களின் ஏமாற்று, பாதி முட்டாள்களின் பொழுதுபோக்கு என்ற பொருளில் லத்தீனில் ஒன்று. ஒரே ஏட்டின் வாலில் இரண்டு மனம். உங்கள் நாவலுக்குக் கதைசொல்லி தேடினால் இப்படி ஒருவரை வையுங்கள். தெய்வங்களை நம்பாத, ஆனால் அவர்கள் கதையில் ஓர் எழுத்தைக்கூட விட மனம் வராத எழுத்தர்.

படிக்கும் வரிசை என் கணக்கில் இது: முதலில் ‘மாய்தூராவின் இரண்டாம் போர்’. சின்னது, ஒரே அமர்வில் முடியும், தெய்வங்கள் எல்லாரும் வந்துவிடுவார்கள். பிறகு ‘மக் தாதோவின் பன்றி’. விருந்தில் வீரனுக்குரிய முதல் பங்கு யாருக்கு என்ற சண்டை. அந்தச் சமூகத்தின் மானம், பொறாமை, கேலி எல்லாம் அதில் அடங்கும். மூன்றாவது ‘தா தெர்காவின் விடுதி அழிவு’. இது கெஷ்ஷுக்கு ஆதாரப் பாடம். டாய்ன் நான்காவதாக வரட்டும். நீளம், இடப்பெயர் அடுக்கு, திரும்பத் திரும்ப ஒற்றைக்கு ஒற்றைச் சண்டை என்று முதலிலேயே எடுத்தால் மூச்சு வாங்கும். டாய்னுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்கள் உண்டு. மேவும் கணவன் அலிலும் படுக்கையில் யார் சொத்து அதிகம் என்று வாதாடுகிற புகழ்பெற்ற தொடக்கம் லைன்ஸ்டர் நூல் வடிவத்தில்தான் இருக்கிறது. பழைய வடிவம் நேராகப் படை திரட்டலில் தொடங்கும். ‘அயர்லாந்தைக் கைப்பற்றியோர் நூல்’ என்ற 11-ம் நூற்றாண்டுத் தொகுப்பைத் தொடக்கத்தில் தொடவே வேண்டாம். குடியேற்றத்துக்கு மேல் குடியேற்றமாக விவிலியக் காலக்கணக்கோடு ஒட்டித் தைத்தது அது. உலக உருவாக்கத்துக்கு உதவும், கதைக்கு உதவாது.

கார்க் பல்கலைக்கழகக் கல்லூரி நடத்தும் ‘கெல்ட்’ என்ற இணையத் தொகுப்பில் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் இலவசம். விட்லி ஸ்டோக்ஸ் போன்ற 19-ம் நூற்றாண்டு அறிஞர்களின் மொழிபெயர்ப்புகளுக்கு உரிமைச் சிக்கல் இல்லை. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டு. அண்மைக்கால மறுகூறல்களில் கவனம் வேண்டும்: பழைய கதை எல்லாருக்கும் பொது, அந்த எழுத்தாளர் புதிதாகச் சேர்த்த காட்சியும் பாத்திரமும் பொது அல்ல. மூலத்தோடு ஒப்பிட்டால்தான் எது யாருடையது என்று தெரியும். நூலகம் என்றால் எழும்பூர்க் கன்னிமாராவிலும் கோட்டூர்புரத்திலும் பட்டியலைத் தேடிப் பாருங்கள். கன்னிமாரா என்ற பெயரே மதராஸ் ஆளுநராக இருந்த கன்னிமாரா பிரபுவின் பட்டத்திலிருந்து வந்தது. அந்த ஊர்ப்பகுதி கனாக்ட் மாகாணத்தில், அதாவது மேவின் நாட்டில் இருக்கிறது. உங்கள் நாவலுக்கு இதைவிடப் பொருத்தமான நூலகம் அமையாது.

பழையது, புதியது பிரிக்க ஒரே கேள்வி போதும்: எந்த ஏட்டில், எந்த நூற்றாண்டில்? பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். அடிக்கடி மாட்டுகிறவை சில:

பதின்மூன்று மரங்களின் ‘கெல்டிக் நாட்காட்டி’, கன்னி–தாய்–கிழவி என்ற முப்பெரும் தேவி, இரண்டும் 20-ம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் கிரேவ்ஸ் பரப்பியவை. ஐரிஷ் மூவர் வயதால் பிரிவதில்லை. பிரிகித் என்றே பெயர் கொண்ட மூன்று சகோதரிகள். கவிதைக்கு ஒருத்தி, மருத்துவத்துக்கு ஒருத்தி, கொல்லுத்தொழிலுக்கு ஒருத்தி. பொன் அரிவாளால் புல்லுருவி அறுக்கும் துருயிது என்ற பூசாரி, ரோமானியர் பிளினி ‘கால்’ (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டைப் பற்றி எழுதியது. அயர்லாந்துக் கதைகளில் இல்லை. ‘ஓசியன்’ பாடல்கள் 1760-களில் ஸ்காட்லாந்தின் மக்ஃபர்சன் பெருமளவு தாமே கட்டியவை. இளமை நாட்டுக்குப் போய்த் திரும்பிய ஒஷீனின் கதை இன்று நாம் அறிந்த வடிவில் 18-ம் நூற்றாண்டுப் பாடல். அதற்காக அதை ஒதுக்க வேண்டியதில்லை, ‘ஆதிகாலத்தது’ என்று முன்னுரையில் எழுதாமல் இருந்தால் சரி. நியூகிரேஞ்சுக் கல்லறை மேடு கி.மு. 3200 வாக்கில் கட்டியது. ஐரிஷ் மொழி அந்தத் தீவுக்கு வருவதற்கு ரொம்ப முந்தையது; பிற்காலத்தார் அதைத் தெய்வங்களின் வீடாக்கிக்கொண்டார்கள். உங்கள் உலகத்திலும் அப்படியே செய்யலாம்: கட்டியவர் யாரென்று இப்போது இருப்பவர்களுக்குத் தெரியாத ஒரு மேடு.

தறிநாடா

கெஷ் பற்றி.

பலரும் இதைச் சாபமாக எழுதிவிடுகிறார்கள். சாபம் வெளியிலிருந்து வந்து விழும், நாயகன் பாதிக்கப்பட்டவனாகிவிடுவான். கெஷ் அவனுடைய மதிப்போடு சேர்ந்தே வருகிறது. காக்கிற வரையில் அவன் பெரியவன். உடைவதும் அவன் கையால்தான்.

கூகுலினுக்கு இரண்டு. பெயரே ‘குலனின் வேட்டைநாய்’ என்பதால் நாய்க்கறி உண்ணக் கூடாது. சமைக்கும் அடுப்பைக் கடக்கும்போது அங்கே கொடுப்பதை மறுத்துப் போகக் கூடாது. தனித்தனியாக இரண்டும் வாழ்நாள் முழுக்கக் காக்கக்கூடியவை. கடைசிப் பயணத்தில் வழியோரம் மூன்று கிழவிகள் நாய்க்கறி வாட்டிக்கொண்டு அழைக்கிறார்கள். முதலில் மறுக்கிறான். பெரிய விருந்தென்றால் நின்றிருப்பாய், ஏழை வீட்டு உணவென்றால் கசக்கிறதா என்று குத்துகிறார்கள். வாங்கிய இடது கையும், இறைச்சியை வைத்த இடது தொடையும் அங்கேயே வலுவிழக்கின்றன. இதிலிருந்து எழுத்துக்கு எடுக்க வேண்டியது: தடை கண்ணால் பார்க்கக்கூடிய செயலாக இருக்கட்டும் (உண்பது, திரும்புவது, தூங்குவது, கொடுப்பது). ‘பொய் சொல்லக் கூடாது’, ‘காதலிக்கக் கூடாது’ மாதிரி மனத்துக்குள் நடப்பதை வைத்தால் எந்தக் கணத்தில் உடைந்தது என்று வாசகருக்குத் தெரியாது. ஒரு பாத்திரத்துக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று. அந்த இரண்டும் ஒரே இடத்தில் மோத வேண்டும். மோதவைக்கும் ஆளுக்கு இரண்டுமே தெரிந்திருக்க வேண்டும், அதனால் தடைகள் ஊரறிந்தவையாக இருக்கட்டும். ரகசியக் கெஷ்தான் நீங்கள் பயப்படுகிற ‘ஆசிரியர் வசதி’.

நடுவதற்கும் முறை உண்டு. முதல் பாகத்தில் சாதாரணக் காட்சி ஒன்றில் சின்ன நஷ்டத்தோடு அவன் அதைக் காக்கட்டும். குதிரை வியாபாரம் கைநழுவுகிறது, விருந்தில் அசிங்கமாகிறது, அந்த அளவு. பிறகு நூறு பக்கம் அதைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

அரசனுக்கு என்றால் தா தெர்கா கதையின் கொனாரைப் படியுங்கள். எட்டுத் தடைகள்: அரச இருக்கையான தாராவை வலமாகவும் பிரெகா சமவெளியை இடமாகவும் சுற்றக் கூடாது, ஒன்பதாம் இரவுதோறும் தாராவுக்கு வெளியே தங்கக் கூடாது, சிவப்பனின் வீட்டுக்கு மூன்று சிவப்பர்கள் தனக்கு முன்னால் போகக் கூடாது, தன் அடிமைகள் இருவரின் சண்டையைத் தீர்க்கக் கூடாது, தன் ஆட்சியில் கொள்ளை நடக்கக் கூடாது, இப்படி. நாவலாசிரியர் கவனிக்க வேண்டியது உடைகிற வரிசை. அவனுடைய வளர்ப்புச் சகோதரர் மூவர், அரசன் என்னதான் செய்வான் பார்ப்போம் என்று, ஒரே குடியானவனிடம் ஆண்டுதோறும் ஒரு பன்றி, ஒரு கன்று, ஒரு பசு திருடுகிறார்கள். அவன் ஒவ்வோர் ஆண்டும் வந்து முறையிடுகிறான். அரசன் அவர்களிடமே போய்க் கேள் என்கிறான். திருட்டு கொள்ளையாகிறது. மற்றவர்களின் பிள்ளைகளுக்குச் சாவு, தன் சகோதரர்களுக்கு மன்னிப்பு என்று தீர்ப்புச் சொல்லி, பிறகு தானே அதை மாற்றி எல்லாரையும் நாடுகடத்துகிறான். அவர்கள் கடலில் ஓர் அந்நியக் கொள்ளையனோடு சேர்ந்து திரும்பி வருகிறார்கள். அதற்குப் பிறகு நல்லெண்ணத்தோடு இருவரின் சண்டையைத் தீர்க்கப் போகிறான், அங்கிருந்து ஒவ்வொரு தடையும் தானாக உருண்டுபோகிறது. சிவப்பு உடை, சிவப்புக் குதிரையில் மூவர் அவனுக்கு முன்னால் போகிறார்கள்; மகனை அனுப்பிப் பரிசு கொடுப்பதாகக் கெஞ்சியும் அவர்கள் நிற்கவில்லை. எல்லாவற்றுக்கும் விதை பாசம். மந்திரத்துக்கு அடியில் ஒரு நிர்வாகக் கோளாறு இருப்பதால்தான் எந்த வாசகரும் அதைச் செயற்கை என்று சொல்வதில்லை.

கடைசியாக ஒன்று. கெஷ், வசைப்பாட்டு, அங்கக் குறை மூன்றும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்கிற கதை ‘கோர்மக்கின் சொற்பொருள்’ ஏட்டில் இருக்கிறது. கனாக்ட் அரசன் காயரிடம் ஒரு கத்தி. அதை யாருக்கும் கொடுக்கக் கூடாதென்பது அவன் கெஷ். அவன் சகோதரனின் மகன் நேதே, கவிஞன். காயரின் மனைவி நேதேவிடம் ஆசைப்பட்டு, அந்தக் கத்தியைக் கேள் என்று சொல்லிக்கொடுக்கிறாள். கேட்கிறான், அரசனால் கொடுக்க முடியவில்லை. கேட்டதை மறுத்த அரசனை வசை பாடக் கவிஞனுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. மறுநாள் காலை காயரின் முகத்தில் மூன்று கொப்புளம். முகத்தில் குறை உள்ளவன் அரசனாக இருக்க முடியாது. யாரும் விரட்டாமலே ஓடிப்போகிறான். ஒரு சொட்டு ரத்தமில்லாமல் ஆட்சிக் கவிழ்ப்பு. நந்திக்கலம்பகக் கதையைக் கேட்டு வளர்ந்த தமிழ் வாசகருக்கு ‘அறம் பாடிவிட்டான்’ என்ற இரண்டே சொல்லில் இது புரியும், அடிக்குறிப்பே தேவையில்லை.

மயிலை_மணி

எல்லாம் சரிதான் சார், ஒரு சந்தேகம். மாடு பிடிக்கப் போறதுக்கு அயர்லாந்து வரைக்கும் எதுக்கு? நம்ம வெட்சி என்ன, கரந்தை என்ன? ஆநிரை கவர்ந்தா வெட்சி, மீட்டா கரந்தை, செத்தவனுக்கு நடுகல். செங்கம் பக்கம் போனா கல்லு கல்லா நிக்குது. காவல்மரத்தை வெட்டுறதும் நம்மகிட்ட இருக்கு. சேரன் கடலுக்குள்ள போய்க் கடம்பை வெட்டலையா? பேரு மட்டும் மேவ், கூகுலின்னு வெச்சா அது ஃபேன்டஸி ஆயிடுமா?

நெய்தல்_நிலா

மணி சார், நீங்க சொன்னது எதிர்ப்பா இருந்தாலும் அவருக்கு நல்ல கருவிதான். அயர்லாந்திலும் அரச குலத்துக்கு மரம் உண்டு. தால் காஷ் குலத்தார் பட்டம் கட்டிக்கொள்ளும் மாய் ஆதர் மரத்தை 10-ம் நூற்றாண்டில் எதிரி மன்னன் மல் ஷெக்லின் வெட்டினான் என்று ஆண்டுக்குறிப்புகள் சொல்கின்றன. வேரோடு தோண்டினான் என்றும் ஒரு குறிப்பு. இவ்வளவு ஒற்றுமை இருப்பதால் வாசகனுக்கு அந்நியமே தெரியாமல் உள்ளே இழுக்கலாம். வித்தியாசம் இருக்கும் இடத்தில்தான் அயர்லாந்தின் ருசி. எங்கே வித்தியாசம்? அங்கே எல்லாவற்றுக்கும் விலை உண்டு.

7, 8-ம் நூற்றாண்டுச் சட்டங்கள் பிற்கால ஏடுகளில் கிடைக்கின்றன. சுதந்திரமான ஒருவனைக் கொன்றால் உடல் விலை 7 குமல். ஒரு குமல் என்பது பொதுவாக 3 கறவை மாடு. ஆக 21 மாடு. (குமல் என்பது முதலில் அடிமைப் பெண்ணுக்கான பெயர். அந்தப் பொருளாதாரத்தின் அடியில் என்ன இருந்தது என்பதை நாவல் மறைக்க வேண்டாம்.) அதற்கு மேல் இறந்தவரின் உறவினருக்குக் கௌரவ விலை, அது தகுதிக்கேற்ப மாறும். சிற்றரசனுடையது 7 குமல். தலைமைக் கவிஞனுடையதும் அதே. கொன்றவன் கட்டாவிட்டால் உறவினர் கட்ட வேண்டும். உறவு என்பது ஒரே கொள்ளுத்தாத்தாவின் வழிவந்த ஆண்கள். பட்டத்துக்கு உரிமை பேசுவதும் இந்த வட்டத்துக்குள்தான். மூத்த மகனுக்கு நேராக முடி கிடையாது. வாரிசுப் போருக்கு வேறு காரணமே தேடவேண்டாம்.

கடன் தராத பெரியவன் வாசலில் உண்ணாமல் உட்காருவதும் சட்டப்படியான வழி. உள்ளே இருப்பவன் பிணை கொடுக்காமல் சாப்பிட்டால் மானம் போகும். இதை வடக்கிருத்தல் என்று எழுதிவிடாதீர்கள். கோப்பெருஞ்சோழன் திரும்பி வருவதற்காக உட்காரவில்லை. இவன் கடனை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவதற்காகவே உட்காருகிறான்.

காசு வைக்காதீர்கள். அயர்லாந்தில் முதல் நாணயம் டப்ளினின் நார்ஸ் மன்னன் 997 வாக்கில் அடித்தது. அதற்கு முன் மாடு, வெள்ளி, துணி, அடிமை. சத்திரத்தில் பொற்காசை மேசை மேல் உருட்டும் காட்சி எழுதினால் அந்த இடத்திலேயே அயர்லாந்து காலி. நகரமும் வைக்கிங் காலத்தில் வந்தது. அதற்கு முன் மண்கரை சூழ்ந்த வீடுகள், ஏரிக்குள் கட்டிய தீவு வீடுகள், மடங்கள். உருளைக்கிழங்கு 16-ம் நூற்றாண்டின் கடைசிக்கு முன்னால் கிடையாது. பால், வெண்ணெய், தயிர், ஓட்ஸ், வாற்கோதுமை, பன்றி. பாம்பும் கிடையாது.

இப்போது போர். மாட்டு மந்தை ஒரு நாளில் 15 முதல் 20 கிலோமீட்டருக்கு மேல் நகராது, மேய விட வேண்டும், தண்ணீர் காட்ட வேண்டும். மேவின் தலைநகரான ராத்குரோகனுக்கும் அவள் கவரப்போன காளை இருந்த கூலி தீபகற்பத்துக்கும் நேர்கோட்டில் சுமார் 140 கிலோமீட்டர், சென்னைக்கும் புதுச்சேரிக்கும் உள்ள அளவு. காளையோடு திரும்பிவர எட்டு, பத்து நாள். துரத்துகிறவனுக்கு அதில் பாதி போதும். அந்த இடைவெளிதான் உங்கள் பதற்றம். வரைபடம் வரையும்போதே நாள்கணக்கை அதில் எழுதிவிடுங்கள். பல மிகுபுனைவுகளில் பத்தாயிரம் பேர் படை ஒரு பத்தியில் நாடு தாண்டும். இங்கே அது எடுபடாது.

பகல் அளவு இன்னொன்று. சென்னையில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேரமே வித்தியாசம்; டப்ளினில் ஏறக்குறைய ஒன்பதரை மணி. டாய்ன் நடப்பது குளிர்காலத்தில், நவம்பர் 1 சவுன் பண்டிகை தொடங்கி பிப்ரவரி 1 இம்போல்க் பண்டிகை வரை. மிகக் குறுகிய நாளில் வெளிச்சம் ஏழரை மணி நேரம். நாள் கணக்கு சூரியன் மறையும்போது தொடங்கும். சவுன் இரவு என்றால் அக்டோபர் 31 இரவு. இதை மாற்றிப்போட்டால் கதையின் பாதி இரவுகள் தப்பான தேதியில் நடக்கும்.

ஒரு வீரன் ஒரு படையை எப்படித் தடுப்பான் என்பதற்கு டாய்னில் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. ஆற்றுத் துறையில் நாளுக்கு ஒருவனோடு கூகுலின் தனியாகச் சண்டை போடுவான். சண்டை நடக்கும் வரைக்கும் மேவின் படை நகரலாம், எதிராளி விழுந்ததும் மறுநாள் காலை வரை நிற்க வேண்டும். அதனால் அவன் சீக்கிரம் கொன்றால் நாட்டுக்கு நல்லது, மேவுக்கு நன்றாக இழுத்துச் சண்டை போடுகிற ஆள் தேவை. இதைத் தெரிந்துகொண்டு ஃபெர்தியாவுடனான நாலு நாள் சண்டையைத் திரும்பப் படியுங்கள். ஒரே ஆசிரியையிடம் பயின்ற தோழர்கள் என்ற உருக்கத்துக்கு அடியில் ஒரு கடிகாரமும் ஓடுகிறது.

மாய்தூரா உங்கள் மூன்றாம் பாகத்துக்கு நேரடியாக உதவும், ஏனென்றால் அது தொழிலாளிகளின் போர். போருக்கு முன் லூ ஒவ்வொருவரையும் நீ என்ன செய்வாய் என்று கேட்கிறான். கொல்லன் கொவ்னியு மூன்று சுத்தியல் அடியில் ஈட்டிமுனை, தச்சன் லுக்தா மூன்று சீவலில் காம்பு, கிரெத்னே ஆணி. மருத்துவன் தியான் கேக்ட் தன் பிள்ளைகளோடு ஓர் ஊற்றில் மந்திரம் ஓதிக் காயப்பட்டவர்களை இறக்கி எழுப்புகிறான். எதிரிப் படையான ஃபோமோரியர்களுக்கு நேற்று உடைந்த ஆயுதமும் செத்த ஆளும் இன்று திரும்பி வருவது புரியவில்லை. ஒற்றன் அனுப்புகிறார்கள். அந்த ஒற்றன் ருவதான், இந்தப் பக்கத்துப் பிரிகித்துக்கும் அந்தப் பக்கத்துப் பிரெஸ்ஸுக்கும் பிறந்தவன். கொல்லனைக் குத்துகிறான், கொல்லன் திருப்பி எறிந்ததில் சாகிறான். தாய் வந்து அழுகிறாள்; அயர்லாந்தின் முதல் ஒப்பாரி அது என்கிறது ஏடு. பிறகு ஃபோமோரியர் ஆளுக்கு ஒரு கல் கொண்டுபோய் ஊற்றைத் தூர்க்கிறார்கள். விநியோகம், உளவு, நாசவேலை, துக்கம் எல்லாம், பார்த்த படையை அழிக்கும் பாலோரின் கண் திறப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது. அந்தக் கண்ணின் இமையைத் தூக்க நாலு ஆள் வேண்டும். லூ கவண்கல்லால் அதைத் தலைக்குப் பின்பக்கமாகத் தள்ள, பார்வை பாலோரின் சொந்தப் படை மேல் விழுகிறது. இறந்தது லூவின் தாய்வழித் தாத்தா. நாவலில் இதைக் கடைசி அத்தியாயத்துக்கு ஒளித்துவைக்கும் ஆசை வரும். வேண்டாம், முதல் பாகத்திலேயே சொல்லிவிடுங்கள். திடீர் உறவு வெளிப்பாடு நம் சினிமாவில் தேய்ந்துபோன சரக்கு. தெரிந்தே தாத்தாவைக் குறிவைக்கிறவன்தான் கனமான பாத்திரம்.

போர் முடிந்தபின் பிடிபட்ட பிரெஸ் உயிருக்குப் பேரம் பேசுகிறான். பசுக்கள் என்றும் பால் தரும் என்கிறான், ஒத்துக்கொள்ளவில்லை. காலாண்டுக்கு ஓர் அறுவடை என்கிறான், அதுவும் வேண்டாம். உழ, விதைக்க, அறுக்க எது நல்ல நாள் என்று சொல்லிக்கொடுத்துத் தப்பிக்கிறான். வில்லனை எரித்து முடிக்காமல் வேளாண் ஆலோசகராக விடுவது எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு.

பெரம்பூர்_வாசகன்

ரொம்ப நன்றி. நெய்தல் மேடம், நாள்கணக்கை இன்றே வரைபடத்தில் ஏற்றிவிடுகிறேன். தொடர்ச்சியாக இரண்டு கேள்வி. பெயர்களை எப்படி எழுதுவது? கற்பனை நாடு என்றாலும் சில பெயர்களை அப்படியே வைக்க ஆசை. இன்னொன்று, மேட்டுக்குள் இருக்கும் ‘ஷீ’ உலகத்தில் காலம் எப்படி ஓடும்? உள்ளே ஒரு நாள், வெளியே நூறு ஆண்டு என்றே வைத்துவிடவா?

ஏட்டுச்சுவடி

பெயருக்கு: எழுத்துக்கூட்டலைப் பார்த்து எழுதாதீர்கள், ஒலியைக் கேட்டு எழுதுங்கள். பழைய ஐரிஷ், இன்றைய ஐரிஷ் இரண்டில் ஒன்றைத் தேர்ந்து கடைசிவரை அதிலேயே நில்லுங்கள். இன்றைய ஒலி தமிழுக்கு எளிது: மேவ், லூ, சவுன், ஷீ. கூகுலினை ஒரே சொல்லாக எழுதுங்கள், நடுவில் வரும் ‘கு’ நம் வாயில் தானாக மெலிந்து மூலத்துக்குப் பக்கத்தில் போய்விடும். சொல் முதலில் மெய்க்கூட்டு வந்தால் உடைத்துவிடுங்கள், பிரெஸ், பிரிகித் மாதிரி. அல்ஸ்டர் தலைநகரைப் பல தமிழ்க் குறிப்புகளில் ‘எமன் மாகா’ என்று பார்க்கிறேன். தமிழ் வாசகர் எருமையைத் தேடுவார். அந்த ‘ம’ மூலத்தில் ‘வ’ போல ஒலிப்பது, அதனால் ‘எவின் மாகா’ என்பதே சரிக்கு நெருக்கம்.

அந்த இடத்தை விடவும் வேண்டாம். ஆர்மாவுக்குப் பக்கத்தில் இன்று நவன் கோட்டை என்கிறார்கள். நடுத்தூணின் மர வளையங்களைக் கொண்டு கி.மு. 95 வாக்கில் வெட்டிய மரம் என்று கணித்திருக்கிறார்கள். சுமார் 40 மீட்டர் விட்டமுள்ள வட்டக் கூடம் எழுப்பி, உள்ளே கல்லை நிரப்பி, வெளிச்சுவருக்குத் தீவைத்து, மேலே மண்மேடு போட்டு மூடியிருக்கிறார்கள். யாரும் குடியிருக்கக் கட்டியதில்லை. அதே அகழாய்வில் வட ஆப்பிரிக்கக் குரங்கின் மண்டையோடும் கிடைத்தது. ஒரு அத்தியாயமே அங்கே கிடக்கிறது: முடிக்கப்போகும் நாளிலேயே எரிக்கத் திட்டமிட்டுக் கட்டப்படும் அரண்மனை, அதில் கடல் கடந்து பரிசாக வந்த ஒரு குரங்கு.

பாத்திரத்துக்கு மூலப் பெயரையே வைத்தால் அதன் குணமும் கதையும் கூடவே வரும் என்று வாசகர் எதிர்பார்ப்பார். குணத்தை மாற்றப்போகிறீர்கள் என்றால் பெயரையும் மாற்றுங்கள். இடப்பெயர்களுக்கு நான் தமிழ்ப் பெயரையே சொல்வேன். டாய்னில் ஒவ்வொரு துறையும் மேடும் அங்கே செத்தவன் பெயரைத் தாங்கும். ஃபெர்தியா விழுந்த துறைதான் இன்றைய ஆர்டி. தலபுராணத்துக்குப் பழகிய நமக்கு இந்த முறை இயல்பாக வரும். முதல் பாகத்தில் வெறும் ‘கல்துறை’ என்று இருந்த இடம் மூன்றாம் பாகத்தில் ஒருவன் பெயரால் அழைக்கப்படட்டும்.

தறிநாடா

காலத்துக்கு ஒரே விகிதம் வைக்காதீர்கள். மூலத்திலேயே இரண்டு திசையும் இருக்கிறது. பிரானின் கடற்பயணத்தில் ஊர் ஏக்கத்தில் கரைக்குக் குதித்த நெக்தான், மண்ணைத் தொட்டதும் பல நூற்றாண்டு கிடந்தவன்போல் சாம்பலாகிறான். நேராவின் கதையில் நேர்மாறு. சவுன் இரவில் குரோகன் குகைக்குள் போகும் படையைப் பின்தொடர்ந்து உள்ளே போகிறான், மனைவி கட்டுகிறான், நாள்கள் கழிகின்றன. வெளியே தன் ஊர் எரிந்துபோனதாகக் கண்டது இனி வரப்போகிற சவுனில் நடக்கப்போவது என்று அவள் எச்சரிக்கிறாள். திரும்பி வந்தால் அலிலின் ஆட்கள் அதே கொப்பரையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள், இன்னும் இறக்கவில்லை.

நாவலில் விகிதத்தை எண்ணாகச் சொல்லவே வேண்டாம். சொன்னால் வாசகர் கணக்குப் போடுவார், மூன்றாம் பாகத்தில் எங்காவது இடிக்கும். யார் எப்போது போகிறார்கள், உள்ளே என்ன உண்டார்கள், யாரிடம் சொல்லிவிட்டு வந்தார்கள் என்பதைப் பொறுத்து மாறட்டும். ஆனால் உங்கள் குறிப்பேட்டில் மட்டும் ஒவ்வொரு பயணத்துக்கும் உள்நாள், வெளிநாள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவையுங்கள், குறிப்பாகக் கர்ப்பிணி யாராவது உள்ளே போகிறாள் என்றால்.

சாட்சி ஒன்றும் வேண்டும். போய்வந்ததை யார் நம்புவார்கள் என்று நேரா கேட்டதற்கு, கோடையின் விளைச்சலைக் கையோடு கொண்டுபோ என்கிறாள் அவள். அந்தச் சவுன் இரவில் காட்டுப்பூண்டும் பிரிம்ரோஸ் பூவும் பொன்நிறப் பெரணியும் ஏந்திக்கொண்டு வந்து நிற்கிறான். உங்கள் ஆள் எதைக் கொண்டுவருவான் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அது வெளியே அந்தப் பருவத்தில் எங்கும் கிடைக்காததாக இருக்க வேண்டும், அதன் பருவத்தில் அவர்கள் தினம் சமைக்கிற பொருளாகவும் இருந்தால் இன்னும் நல்லது.

மயிலை_மணி

அந்தக் குரங்கு அத்தியாயத்தை மட்டும் முதல்ல எழுதிப் போடுங்க சார். அது நம்ம ஏட்டுல எங்கயும் இல்ல, ஒத்துக்கறேன்.